பால் பைத்தானுக்கு மழை வேண்டாம், புற்று போதும்

மாம்பழம் இறங்கத் தொடங்கும் மாதத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வரும். உடம்பெல்லாம் சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு). கூடவே வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, காலையும் சாயங்காலமும் ஸ்ப்ரே அடிக்கிறேன், அப்புறமும் இப்படித்தான் உரிக்குது." தம்பி, சட்டை முழுசாக உரியக் காற்றில் ஈரம் வேண்டும்தான், ஆனால் அந்த ஸ்ப்ரே பாட்டிலை முதலில் மாடித் தோட்டத்துக்குக் கொடுத்துவிடு.

பால் பைத்தான் ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியில் வாழ்கிற பாம்பு. அங்கே வெளியே காய்ந்துதான் கிடக்கும். ஆனால் அது பகலில் கிடப்பது எலி வளையிலும் கரையான் புற்றிலும். உள்ளே மண் ஈரத்தால் காற்று ஈரமாக இருக்கும், ஆனால் உடம்பில் தண்ணீர் சொட்டாது. நாம் செய்வது நேர்மாறு. கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அதற்கும் மேல் ஹீட் லாம்ப். இருக்கிற ஈரமெல்லாம் வலை வழியாகப் போய்விடுகிறது. பிறகு தரையை நனைக்கிறோம். ஈரப்பத மீட்டர் அரை மணி நேரம் 80 சதவீதம் காட்டும், அப்புறம் பழையபடி இறங்கும். நனைந்த தரை மட்டும் நனைந்தே கிடக்கும். பாம்பு அதிலேயே படுத்தால் வயிற்றுச் செதில் சிவந்து, கொப்புளமாகி அழுகும்.

சூட்டின் கணக்கையும் பலர் பார்ப்பதில்லை. 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக் காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீர் குறையாமலே 40 சதவீதத்துக்கு வந்துவிடும். அதனால்தான் சுவரில் மாட்டிய மீட்டரை நம்பி உட்காரக் கூடாது. டிஜிட்டல் மீட்டரின் சென்சார் தொட்டிக்குள், பாம்பு படுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். அது சரியா என்று சந்தேகமா? ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப்லாக் கவரில் போட்டு ஒரு நாள் வையுங்கள். 75க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

பால் பைத்தானுக்கு 60 முதல் 70 வரை இருந்தால் எனக்குத் திருப்தி. வீட்டில் வளர்க்கிற இன்னொரு வெளிநாட்டுப் பாம்பான கார்ன் ஸ்நேக்குக்கு அவ்வளவு வேண்டாம். வலை மூடியில் முக்கால் பாகத்தை அலுமினிய ஃபாயிலால் மூடுங்கள், லாம்ப் பக்கத்தை விட்டுவிட்டு. தரைக்குத் தேங்காய் நார்த்தூள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலையில் ஊற்றினால் அடியில் ஈரமும் மேலே காய்ந்த படுக்கையும் கிடைக்கும். அப்புறம் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் ஓட்டை, உள்ளே நனைத்துப் பிழிந்தெடுத்த, ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் பாசி. இதுதான் புற்று. வேண்டும்போது பாம்பே உள்ளே போகும், போதும் என்றால் வெளியே வரும்.

கண் பால் நீலமாக மாறினால் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது கையில் எடுக்காதீர்கள். உரித்த சட்டையைத் தூக்கிப் போடாமல் தலைப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி மாதிரியான இரண்டு கண் வில்லைகளும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணிலேயே தங்கிவிட்டது. வாலின் நுனியையும் பாருங்கள். அங்கே வளையமாக ஒட்டியது இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ட்வீசரால் கண்ணைத் தோண்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் வெளிநாட்டு இனங்களுக்கு. தோட்டத்தில் பிடித்த சாரையையோ நம் மலைப்பாம்பையோ வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தானும் வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஈரம் சேர்ப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். அந்த வீடியோ எடுக்கிற ஊர்க்காரர்களுக்குக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடே காயும். நமக்குக் காய்வது பங்குனி, சித்திரை. ஐப்பசி மழையில் வீட்டுச் சுவரே ஈரம் கக்கும். அப்போது ஃபாயிலைப் பாதி எடுத்துக் காற்று விட வேண்டும். ஓசூர்க்காரர்களுக்குக் குளிரும் சேரும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூச்சுத் தொல்லை வரும். மூக்கில் குமிழி, விசில் சத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுவது, இதில் எதைப் பார்த்தாலும் எனக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள்.