சிஸ்டருக்கு என்ன தெரியும்?

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வீட்டுக்குப் போற சிஸ்டருங்க ஆறுதல் சொன்னா போதும், மருந்தைப் பத்தி டாக்டர் பார்த்துக்குவாரு." நோய் முற்றியவர்களின் வலியைத் தணிக்க வீட்டுக்கு வரும் நர்ஸ்களைப் பற்றி ஒரு மேடையில் இப்படிச் சொன்னவர் பெரிய மருத்துவர். சொல்லிவிட்டுப் போகட்டும். முன்வரிசை கைதட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லண்டனில் 1967-இல் சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கி, இந்த வலி தணிக்கும் துறைக்கே வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். டாக்டரானால்தான் உன் பேச்சு எடுபடும் என்று ஒரு அறுவை மருத்துவர் சொன்னதால், அதன்பிறகு மருத்துவம் படித்தார். இத்தனை வருஷம் கழித்தும் நர்ஸ் பேச்சு எடுபடவில்லை.

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வலி வந்தால் கொடுங்கள் என்று மார்ஃபின் மாத்திரையோடு அனுப்பினார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த சிஸ்டர்தான், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்றார். "மலம் எப்போ போனார்?" என்று கேட்டதும் அவர்தான். மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவரும், கூடவே பேதி மருந்து வேண்டும். சீட்டில் அது இல்லவே இல்லை. புண்ணின் நாற்றத்துக்குப் பயந்து பேத்தியைக்கூடக் கிட்டே விடாமல் பின்கட்டிலேயே கிடந்தார் அப்பா. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லிக்கொடுத்தார் சிஸ்டர். சில நாளில் அப்பா திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். இதையா ஆறுதல் வார்த்தை என்கிறீர்கள்?

ஒரு நாள் வலி திடீரென்று கூடியது. மருந்தின் அளவை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சிஸ்டருக்குத் தெரியும். ஏற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. டாக்டர் போனை எடுக்கவில்லை. அந்த ராத்திரி முழுக்க அப்பா சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

உகாண்டாவில் தனிப்பயிற்சி முடித்த நர்ஸ்கள் வாய்வழி மார்ஃபினை எழுதித்தர 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்திலும் அதற்கான பயிற்சி பெற்ற நர்ஸ்கள் எழுதுகிறார்கள். நாம் 1985 போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கும் வழியை எளிதாக்கினோம். எழுதும் பேனா மட்டும் டாக்டர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று, கூடுதல் பயிற்சியும் பொறுப்பும் பெறும் நர்ஸுக்கான படிப்பு கொண்டுவர முடிந்த நாட்டில், சாகக் கிடப்பவர் வலியைத் தணிக்க அதே போல ஒரு நர்ஸை உருவாக்கி அதிகாரம் கொடுக்க ஏன் முடியாது?

"நர்ஸ் தப்பாக எழுதினால் யார் பொறுப்பு?" என்பார்கள். எட்டாவது படித்த என் அம்மா கையில் மார்ஃபினைக் கொடுத்து, கரைத்து மூக்குக்குழாயில் ஊற்றச் சொன்னார்களே, அப்போது யார் பொறுப்பு? அம்மாவை நம்புவீர்கள், வருஷக்கணக்கில் இதே வேலை பார்த்த சிஸ்டரை நம்ப மாட்டீர்களா? யாரும் இஷ்டத்துக்கு எழுதச் சொல்லவில்லை. முறையான பயிற்சி, தேர்வு, அளவுக்கு ஒரு வரம்பு, சிக்கலானால் டாக்டர். இதைத்தான் கேட்கிறேன்.

"டாக்டர்களை வெறுக்கிறாய்" என்று இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: இல்லை. நம்பாவிட்டால் போங்கள்.

மருந்து எழுதும் உரிமை இருக்கட்டும், வேலைக்கே உத்தரவாதம் இல்லை. வலி நிவாரணத்துக்கு வரும் சிஸ்டர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். வெயிலில் வீடு வீடாகப் போய் ஈ மொய்க்கும் புண்ணைத் துடைக்கிறார்கள். துஷ்டி வீட்டிலும் வாசலில் நின்றுவிட்டுப் போகிறார்கள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கத் தோன்றியதா நமக்கு?

அத்தை, நேற்று என் பதிவில் "அண்ணனை டாக்டர் நல்லாத்தான் பார்த்தாரு, நீ ஏம்மா இப்படி எழுதுற" என்று போட்டிருக்கிறீர்கள். கடைசி வாரம் அப்பா முனகாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அந்த அளவு மருந்துக்காக டாக்டரின் அறை வாசலில் அரை நாள் நின்று கையெழுத்து வாங்கி வந்தது சிஸ்டர். அவருக்கு ஒப்பந்தம் நீட்டித்து இன்னும் உத்தரவு வரவில்லை.