போன் வாங்கிய பிறகு என்ன செலவாகும்?

ஏழை எளிய மக்கள் கையில் இணையம் போக வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் கருவியின் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தால் எல்லாரும் வாங்கிவிடுவார்களாம். நம் நாட்டில் அதையும் செய்து பார்த்தாயிற்று, ஒரு முறைக்கு மேலேயே.

2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. மாணவர்களுக்கு 35 டாலரில் ஒரு கணினி என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 7 அங்குலத் திரை, அதுவும் அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும். 256 எம்பி ரேம். இந்தக் குறைகளை எல்லாரும் பேசினார்கள். எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. மாணவர்களுக்காகச் செய்த அந்த டேப்லெட்டில் இணையத்துக்கு வைஃபை மட்டும்தான். 2011இல் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளையின் வீட்டில் வைஃபை எங்கே இருந்தது? கருவியைக் கொடுத்தவர்கள் இணைப்பை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2014 ஆகஸ்டில், இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் வந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தந்த மொசில்லாவின் இயங்குதளமான ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் போட்ட ஸ்மார்ட்போன், விலை 1,999 ரூபாய். ஆனால் 2ஜி மட்டும்தான் எடுக்கும், வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வ செயலியும் கிடையாது. 'இதுல வாட்ஸ்அப் வருமா?' என்பதுதான் அப்போது போன் கடையில் ஆட்கள் முதலில் கேட்ட கேள்வி. அதற்கு 'வரும்' என்று சொல்ல முடியாத போனை எந்தக் கடைக்காரர் மனதார விற்பார்? 2015 முடிவதற்குள் மொசில்லா ஸ்மார்ட்போன் முயற்சியையே கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

அந்தக் காலத்தில் மக்களுக்கு இணையத்தின் மேல் ஒரு பயம் இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. பிளான் எதுவும் போடாமல் நெட்டைத் திறந்தால் 10 கேபிக்கு 10 பைசா வரை பிடித்தார்கள். அதாவது ஒரு எம்பிக்கு ஏறக்குறைய 10 ரூபாய். கீபேட் போனில் நெட்டுக்கென்று ஒரு பட்டன் இருக்கும், தெரியாமல் விரல் பட்டாலே பேலன்ஸ் போய்விடும். 'அந்த பட்டன் மேல மட்டும் கைய வெச்சிராத' என்று அத்தைக்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, சந்தாதாரர் சம்மதம் தராமல் டேட்டாவைத் திறக்கக் கூடாது, அதற்கு 1925 என்று ஓர் இலவச எண் வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த அளவுக்கு மக்கள் பணத்தை இழந்திருந்தார்கள். எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியாத ஒன்றை, கூலி வேலைக்குப் போகிறவர் எப்படித் தொடுவார்?

ஜப்பானில் இதை 1999 பிப்ரவரியிலேயே புரிந்துகொண்டிருந்தார்கள். அங்கே என்டிடி டோகோமோ என்ற செல்போன் நிறுவனம் ஐ-மோட் என்ற மொபைல் இணையச் சேவையைத் தொடங்கியபோது மாதக் கட்டணம் 300 யென், அதற்கு மேல் 128 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது ஒரு சிறு டேட்டாத் துண்டுக்கு, 0.3 யென். எத்தனை நேரம் இணைப்பில் இருந்தாலும் அனுப்பியதற்கும் பெற்றதற்கும் மட்டும்தான் காசு. ஒன்றரை வருடத்தில் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அதே சமயத்தில் ஐரோப்பாவில் போனில் இணையப் பக்கங்களைப் பார்க்க வாப் என்ற முறை வந்தது. அதற்கு நிமிடக் கணக்கு. பக்கம் திறக்கும்வரை காத்திருக்கும் நேரத்துக்கும் காசு ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஜியோபோன். 2017 ஜூலையில் அறிவித்தார்கள். 1,500 ரூபாய் டெபாசிட், மூன்று வருடம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2.4 அங்குலத் திரை, பழகிய கீபேட், 4ஜி. அதில் ஓடிய கைஓஎஸ் என்ற இயங்குதளம், எடுபடாமல் போன ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வழியில் பிறந்ததுதான். மென்பொருளின் வேர் ஒன்றே என்றால், இது மட்டும் எப்படிக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனது? என் பதில் அதோடு வந்த 153 ரூபாய் பிளான். பேசுவதற்குத் தனிக் காசு கிடையாது. தினம் 500 எம்பி தாண்டினால் வேகம் குறையும், பணம் போகாது. அது போதும், பயம் போய்விடும். 2018 ஜனவரியில் 28 நாளுக்கு 1 ஜிபி என்று 49 ரூபாய் பிளானும் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்புகிற பேரப்பிள்ளையின் படத்தை, ஆண்ட்ராய்டு பக்கமே போகாத அம்மா தன் போனிலேயே பார்த்தார்.

2021 தீபாவளிக்குக் கூகுளோடு சேர்ந்து விட்ட ஜியோபோன் நெக்ஸ்ட் அப்படி எடுபடவில்லை. அதன் விலை 6,499 ரூபாய். அந்தக் காசுக்கு ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய நல்ல ஆண்ட்ராய்டு போனே கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்?

ஜியோபோனில் எனக்குக் கோபம் வருகிற இடமும் ஒன்று உண்டு. அதில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது. முதலில் பயத்தைப் போக்கிப் பழக்கிவிட்டு, வேறு வழியில்லாதபோது கட்டணத்தை ஏற்றினால் அந்தப் பழைய பயம்தான் திரும்பும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றுமே கட்டணத்தை ஏற்றின. நெட்டே வேண்டாம் என்பவர்களுக்காக, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று அந்த டிசம்பரில் டிராய் சொன்னது. சரி, நல்லது. கொஞ்சமாக நெட் பயன்படுத்துகிறவர்களுக்கு என்ன வழி? வாரத்துக்கு நாலு வாட்ஸ்அப் படம், மகனோடு ஒரு வீடியோ கால், ரேஷன் கார்டு விஷயமாக எப்போதாவது ஒரு தேடல், அவ்வளவுதான் அவர்கள் தேவை. அந்த 49 ரூபாய் பிளான் மாதிரி ஒன்று அவர்களுக்கு மறுபடியும் வேண்டும். தினக் கணக்கு கூடாது, ஆனால் அதைப்போல் மீந்த டேட்டா 28 நாளில் காலாவதியாகவும் கூடாது. டிராய் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.