ஜாமில் உள்ள ‘440’ கழிவைக் குறிக்கும் எண் அல்ல

பழச்சாறு ஆலைகள் குப்பைக்குப் போகவேண்டிய தோலையும் சக்கையையும் ஜாமில் கலப்பதாகவும், லேபிளில் உள்ள 440 என்ற எண்ணே அதற்குச் சான்று என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு. 440 என்பது ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினைக் குறிக்கும் பன்னாட்டு எண். பழங்களின் செல்சுவரில் இயற்கையாகவே இருக்கும் இந்த நார்ப்பொருள், சாறு பிழிந்தபின் எஞ்சும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் அமிலம் கலந்த வெந்நீரால் பிரிக்கப்பட்டு, வடிகட்டி, ஆல்கஹாலால் திரட்டி, உலர்த்தித் தூளாக்கப்படுகிறது. ஜாமில் சேர்வது இந்தத் தூள்தான், சக்கை அல்ல. வீணாகியிருக்கக்கூடிய தோல் உணவுக்குப் பயன்படுவதை மோசடி என்று தூற்றுவது வருத்தமளிக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் மறுமதிப்பீடு செய்து, பெக்டினின் பயன்பாட்டில் பாதுகாப்புக் கவலை இல்லை என அறிவித்தது. அதன் அறிக்கையை ஆணையத்தின் இணையதளத்திலும், எண்ணின் பொருளைப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் பட்டியலிலும் எவரும் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இதைத் தெரிவியுங்கள்.