ஓர் ஊரின் மௌனத்தைக் கெடுக்க ஒரு பேருந்து போதும்

ஸ்பெயினின் கிரனாடா நகரில் படிக்கும் நாங்கள் கடந்த சனிக்கிழமை, சியரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் ஏறத்தாழ 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் பம்பனேய்ரா கிராமத்துக்குப் போனோம். இது மூன்றாவது முறை. மூன்று முறையும் இதே கூத்துதான். சுண்ணாம்படித்த வீடுகள், சாம்பல் நிறக் களிமண் பரப்பிய தட்டைக் கூரைகள், ஒரு காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் காலத்துப் பாசன மரபை நினைவூட்டும்படி தெருவின் நடுவே சலசலத்து இறங்கும் சிறு வாய்க்கால் என்று கண்ணும் காதும் குளிரும் அந்த ஊரில், பேருந்தை விட்டு இறங்கிய மறுநிமிடமே ஒருவன் ஒலிபெருக்கியை அலற விடுகிறான். பாட்டுக் கேட்பதற்கு மலையேறி வர வேண்டுமா? இன்னொருவர் பூந்தொட்டியை நகர்த்திவிட்டு, யார் வீட்டுப் படியிலோ அமர்ந்து படம் எடுக்கிறார். உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பே கிடையாதா? மதிய உணவுக்குப் பின் ஊரே கண்ணயரும் வேளையில், பாதி திறந்திருந்த சன்னலை ஒரு மூதாட்டி இழுத்துச் சாத்தினார். கொக்கி விழுந்த அந்தச் சிறு சத்தம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாட்டை அணைக்கச் சொன்னால், "ஒரு நாள்தானே?" என்கிறார்கள். நமக்கு ஒரு நாள். அடுத்தடுத்துக் கூட்டம் வந்து இறங்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு எத்தனை நாள்? திரும்பும் பேருந்திலும் அதே பாட்டுத்தான், கிரனாடா வரைக்கும்.