கிராமத்து கிளினிக்கில் என்னதான் இருக்கிறது?

"அங்கே என்ன இருக்கு? பிரஷர் பார்ப்பாங்க, மாத்திரை தருவாங்க, கொஞ்சம் பெரிசா ஏதாவதுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பாங்க." கிராமத்து டாக்டரின் கிளினிக்கைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்கள் நிறைய. ஸ்கேன் இல்லை, ஸ்பெஷலிஸ்ட் இல்லை, ஆகவே அது ஒரு அரைகுறை ஆஸ்பத்திரி என்ற நினைப்பு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே நடக்கிற வேலையே வேறு.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். கிராமத்து டாக்டரிடம் வருகிறவர் "ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்வார். அசதி, தலைவலி, ராத்திரி தூக்கமில்லை. இப்படி வருவதில் பலதும் தானாகவே சரியாகிவிடும். ஒன்றிரண்டு மட்டும் விபரீதமாகப் போகக்கூடியவை. அந்த ஒன்றிரண்டைப் பிரித்தெடுப்பதுதான் அவருடைய வித்தை. எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவதற்குப் பெரிய அனுபவம் தேவையில்லை. "ரெண்டு நாள் பாருங்க, குறையலைன்னா உடனே வாங்க" என்று தைரியமாகச் சொல்ல, எதிரில் இருப்பவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்திருக்க வேண்டும். சிலர் சொன்னபடி வருவார்கள். சிலர் முடியாமல் படுத்த பிறகுதான் வருவார்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன், டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். முழங்கால் வலி என்று வந்தவர், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கதவுப் பிடியில் கை வைத்த பிறகு, "அப்புறம் டாக்டர், ஒண்ணு கேக்கணும்..." என்று இழுக்கிறார். மலத்தில் ரத்தம் போகிறதாம், சில வாரமாக. அவர் வந்ததே அதற்குத்தான், முழங்கால் ஒரு சாக்கு. முன்பின் தெரியாத டாக்டரிடம் அந்தக் கதவு பேசாமல் திறந்து மூடியிருக்கும்.

இது வெறும் பாசக் கதை இல்லை. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே குடும்ப டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, டாக்டரிடம் சேர்ந்து ஓராண்டே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட நாள் இருந்தவர்களுக்கு அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. இதே அளவுக்குப் பலன் தரும் மாத்திரை ஒன்று வந்திருந்தால் விளம்பரம் எப்படி இருந்திருக்கும்!

கிராமத்து டாக்டர் ஆளை மட்டும் பார்ப்பதில்லை, ஊரையே பார்க்கிறார். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் எய்ஸ்கார்த் என்ற சிற்றூரில் வில்லியம் பிக்கில்ஸ் என்றொரு டாக்டர் இருந்தார். 1929-இல் அந்தப் பக்கம் மஞ்சள் காமாலை பரவியபோது, யார் யாரைச் சந்தித்தார்கள், எத்தனை நாள் கழித்துப் படுத்தார்கள் என்று வீடு வீடாகத் தொடர்ந்து குறித்து வைத்தார். நோய் உடலுக்குள் போய் வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது என்பது அந்தக் குறிப்புகளிலிருந்து தெரிந்தது. நகரத்தில் இது நடக்கவே நடக்காது. யார் யாரோடு பேசினார்கள் என்று அங்கே யாருக்குத் தெரியும்? பின்னாளில் பிரிட்டனின் பொது மருத்துவர்கள் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, உண்மையில் அவர்களுடைய தொழில் அமைப்பு) தொடங்கியபோது அதன் முதல் தலைவரே அவர்தான்.

எனக்கு இன்னும் பிடித்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்து டாக்டர். மருத்துவ வசதி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவர். எழுதியதோடு நிற்கவில்லை. தன் கிராமத்தில் வயது வந்த எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பது என்று கிளம்பினார். நோய் என்று வந்தவர்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். ரத்த அழுத்தம் வெளியே தெரியாது, வலிக்காது. வலிக்காத நோய்க்கு எவர் டாக்டரிடம் வருவார்? வராதவர்களைத் தேடித் தேடிப் பார்த்தார். கால் நூற்றாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, 65 வயதுக்குள் இறப்பது பக்கத்து ஊரைவிட அங்கே குறைவாக இருந்தது. வராதவர் யார் என்று கணக்கு வைத்திருப்பதைத்தான் நான் ஒரு கிளினிக்கின் தரமாக எடுத்துக்கொள்வேன்.

இந்தக் கணக்கில் பாதி டாக்டர் தலையில் இருப்பதில்லை, வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர் தலையில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டியவர் வரவில்லையே என்று முதலில் கவனிப்பது அவர்தான். மருந்துக் கடை தூரமாக இருக்கும் ஊர்களில் மருந்தும் கிளினிக்கிலேயே கிடைத்தால் அது இன்னும் சுலபம். இங்கிலாந்தில் கிராமப்புறத்தில் மருந்துக் கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவர்களுக்கு, அனுமதி பெற்ற டாக்டரே மருந்து கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. செயலியில்தான் நேரம் பதிய வேண்டும் என்று மாற்றினால் முதலில் காணாமல் போவதும் இதே மாத்திரைக்காரர்தான், அது வேறு கதை.

எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். தெரிந்த டாக்டர் என்பது சில நேரம் சங்கடம். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால் குடிப்பழக்கத்தைப் பற்றியோ கருக்கலைப்பைப் பற்றியோ பேச யார் வருவார்? வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு, அடிக்கிறவனும் அதே டாக்டரிடம்தான் வருகிறான். இதனால் சிலர் வேண்டுமென்றே வெளியூர் போகிறார்கள், அதில் தப்பே இல்லை. இன்னொன்று, தினமும் பார்க்கும் முகத்தில் மெல்ல வரும் மாற்றம் கண்ணில் படாது. புது டாக்டர் ஒரே பார்வையில் தைராய்டு என்று சொல்லிவிடுவார். அவ்வப்போது வேறொரு கண்ணும் பார்ப்பது நல்லது.

ஆனால் ஆளே நிலைக்காத கிளினிக்குக்கு இந்தக் கவலையெல்லாம் ஆடம்பரம். கட்டடம் திறப்பார்கள், கருவி வாங்குவார்கள், டாக்டர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். அந்த டாக்டர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. தனி ஆளாக ராத்திரி பகலாக, லீவு போட்டால் பார்க்க ஆளில்லாமல், சந்தேகம் வந்தால் கேட்கச் சக டாக்டர் இல்லாமல் எவ்வளவு காலம் ஓட்டுவார்கள்? குடும்பம் தங்க ஒரு நல்ல வீடு, மாற்றிப் பார்க்க இரண்டாவது டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் போனில் பிடிக்க ஒரு வழி. புதுக் கட்டடத்துக்குக் கல் நாட்ட வருகிறவர்களிடம் இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள்.