பெரிய தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி

நேற்று பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சு தாய்லாந்து - கம்போடியா எல்லைக்குப் போனது. 2025 ஜூலை 28இல் எங்கள் மலேசியாவின் புத்ராஜெயாவில் சண்டை நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் சண்டை. "பேசி என்னண்ணே ஆச்சு? அடிச்சாத்தான் அடங்குவானுங்க" என்றான் ஒரு தம்பி. அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ராணுவமே கூடாதென்று சொல்கிறவன் இல்லை நான். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தி ஒன்று இருக்கிறது. பெருவிரல் பட்டுப் பட்டுக் கைப்பிடியில் ஒரு குழி. தாத்தாவின் அண்ணனுடையது. ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து அவரை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். "மூணு மாசத்துல வந்துடுவேன்" என்று கத்தியை லயத்துக் கூரையில் செருகிவிட்டுப் போனவர், வரவே இல்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காலராவும் பட்டினியும் அடியும். அந்தக் காட்டில் கிடந்தவர்களிடம் போய்ப் பொறுமையாகப் பேசிப் பாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? 1945இல் ஜப்பான் தோற்றதால்தான் மிச்சமிருந்தவர்கள் தோட்டம் திரும்பினார்கள். கொல்ல வந்தவனைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் ஆயுதம் எடுக்கலாம். ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவும் தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் கையைத் தடுத்ததும் துப்பாக்கியின் வேலை தீர்ந்தது. அதற்கு மேல் அதனிடம் எதையும் ஒப்படைக்காதீர்கள்.

பக்கத்தில் இருக்கும் பாலிங்கையே பாருங்கள். 1955 டிசம்பர் 28, 29. ஒரு பள்ளிக்கூடத்தில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும், காட்டிலிருந்து போரிட்ட மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங்கும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சரணடை என்றது ஒரு தரப்பு, முடியாது என்றது மறுதரப்பு. இரண்டே நாளில் பேச்சு முறிந்தது. கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போட்ட அவசரகாலம் 1960இல் முடிந்ததாக அறிவித்தார்கள். காட்டிலோ துப்பாக்கி ஓயவில்லை. 1989 டிசம்பர் 2இல், தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாயில்தான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது: ஆயுதங்களை அழித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று. இடையில் 34 ஆண்டுகள். தம்பி, முறிந்த பேச்சை மறுபடி தொடங்க யாராவது அவமானத்தை விழுங்க வேண்டியிருக்கிறது. அதற்கும் வீரம் வேண்டும்.

இன்னொன்று, எனக்கு ஆறாதது. அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது. வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள், சீராக வெட்டிய புல். நல்லது, அவர்களும் பெற்றவள் பெற்ற பிள்ளைகள்தான். அதே பாதையில் பல்லாயிரக்கணக்கில் செத்த தோட்டத் தமிழர்களுக்கு முழுப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. போரில் வென்றவர்களுக்கு அவர்களை எண்ணத் தோன்றவில்லை. எண்ணச் சொல்லிக் கேட்க எங்கள் பக்கம் ஆளும் இல்லை.

பெரிய தாத்தா எந்த மாதம், எந்தத் திதியில் போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் தாத்தா சாகும்வரை ஆடி அமாவாசையன்றுதான் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். இப்போது நான் இறைக்கிறேன்.