அந்தப் பிள்ளையை முதலில் நம்மிடம்தான் கேட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நடந்ததை நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. வீடியோ எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, நடுவில் அழுகிற நம்ம ஊர்ச் சிறுமி, சுற்றிலும் முப்பது பேர். "யாரு புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஒரு குரல். பிள்ளை கடத்தல் என்று கீழே வந்த கமெண்ட்டுகளையும் படித்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அந்த மூன்று பேரும் பதினோரு நாளாக என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள்.

அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இத்தாலியிலிருந்து வந்தவர்கள். பிள்ளைக்கு ஒன்பது வயது. மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்ட தத்து ஆணை அந்த அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் அனுப்பியும் வைத்தார். அதை மட்டும் யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சரி, இத்தாலிக்காரர் கைக்கு நம் பிள்ளை எப்படிப் போகிறது? 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த பிறகு, முதல் அறுபது நாள் இந்தியக் குடும்பங்களுக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கும்தான். யாருமே வராவிட்டால்தான் அயல்நாட்டுக்காரர். இவளுக்காக அறுபது நாள் இல்லை, மூன்று வருஷம் யாரும் வரவில்லை. முதலில் நம்மிடம்தான் கேட்டார்கள். நாம்தான் வேண்டாம் என்றோம்.

"இங்கேயே எத்தனை பேர் குழந்தைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்காமல் ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காத்திருக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அநேகமாக எல்லோரும் கேட்பது கைக்குழந்தை. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் பின்வாங்கிவிடுகிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்படிப் பின்வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

பதினோரு வருஷத்துக்கு முன் நானும் என் கணவரும் தத்தெடுக்கலாம் என்று சமவெளியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போயிருந்தோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் என் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, "அத்தே, உங்க ஊர்ல நெஜமாவே வாயைத் தொறந்தா புகை வருமா?" என்று கேட்டான். வரும் என்றேன். திரும்பி வரும்போது மலைப்பாதையில் பர்லியார் தாண்டும் வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் மாமியார், "விவரம் தெரிஞ்ச புள்ள ஒட்டாதும்மா" என்றார். அந்த 'ஒட்டாது' எனக்கு வசதியாக இருந்தது, பிடித்துக்கொண்டேன். கைக்குழந்தைக்கென்று காத்திருந்தோம், அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டோம். அந்தக் குழந்தைக்கென்று வெள்ளையடித்து வைத்த அறையைத்தான் இப்போது ஹோம்ஸ்டேவுக்கு விடுகிறேன். இவர்கள் தங்கியிருப்பது அந்த அறையில்.

பிள்ளையின் புது அப்பா ஒரு நோட்டில் இத்தாலிய எழுத்தில் தமிழ் எழுதி வைத்திருக்கிறார். சாப்பிட்டியா. வலிக்குதா. பயமா இருக்கா. பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியவில்லை என்று அந்த அம்மா தினமும் காலையில் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

அப்படியென்றால் பிள்ளை ஏன் அழுதாள்? மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். அதில் ஏறினால் இல்லத்துக்குப் போய்விடலாம், அங்கே இருக்கும் தன் சிநேகிதியை இன்னொரு முறை பார்க்கலாம் என்று அழுதாள். பெரிய பிள்ளை என்றால் அவளுடைய சம்மதத்தையும் கேட்டுத்தான் தத்துக் கொடுக்கிறார்கள். இவளும் சம்மதித்தவள்தான். சம்மதித்தால் அழக் கூடாதா? கல்யாணமாகி மாமியார் வீடு போகிற பெண் அழுதால் கண்ணைத் துடைத்து அனுப்புகிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை அழுதால் கடத்தல் என்கிறோம்.

"சந்தேகப்பட்டது தப்பா? கடத்தல் நடக்கத்தானே செய்கிறது?" நடக்கிறது. வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகளால்தான் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் கறாரான விதிகளை வகுத்தது. நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றதும், மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா தடையில்லாச் சான்று தராமல் எந்தப் பிள்ளையும் வெளிநாடு போக முடியாது என்பதும், போன பிறகும் இரண்டு வருஷம் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் அந்தப் பயத்தால்தான். சந்தேகம் வந்ததா, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். நானே கூட நிற்கிறேன். போனைத் தூக்கிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டியது எதற்கு?

"நம் மொழி, நம் கலாச்சாரம் எல்லாம் போய்விடுமே" என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் இழக்கப்போவது நிறைய, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இல்லத்தில் அவள் இருந்த வருஷங்களில் அவளுக்குத் தமிழில் கதை சொல்ல நீங்கள் ஒரு நாள் போனீர்களா? நானும் போகவில்லை. தமிழில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது என்ன தெரியுமா? கூட்டத்தில் ஒருவர் குனிந்து, "உன்னைய வித்துட்டாங்களா பாப்பா?" என்று கேட்டார். அவளுடைய அம்மா அப்பாவுக்கு அது புரியவில்லை. அங்கே நின்ற மூவரில் அவளுக்கு மட்டும்தான் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி என்னிடம் வந்து, "ஆன்ட்டி, எனக்கு எவ்ளோ ரூபா?" என்று கேட்டாள்.

ரூம் வாடகைக்காகப் பரிந்து பேசுகிறேன் என்றும் யாராவது சொல்வார்கள். பேசட்டும்.

பிள்ளையில்லாதவள் என்று இந்த ஊரில் என்னைக் காது குத்தலுக்கும் வளைகாப்புக்கும் கூப்பிடாமல் விட்டவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேர் அந்த வீடியோவைப் பகிர்ந்து "நம்ம புள்ளைய விடக் கூடாது" என்று எழுதியிருக்கிறார்கள். நம்ம புள்ள என்கிற சொல் அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது. எனக்கு அந்தப் பையனின் ஞாபகம் வருகிறது. அவனுக்கு இப்போது பதினெட்டு வயது இருக்கும். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனார்களா, தெரியாது.

விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை கிளம்புகிறார்கள். எனக்குத் தெரிந்து அந்த வீடியோ இன்னும் மூன்று குரூப்களில் இருக்கிறது, அவள் முகம் மறைக்கப்படாமல். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று அதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், அவளுக்காக எடுத்துவிடுங்கள். அட்மின்கள் மூன்று பேரும் என் நண்பர்கள் பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.